கார்பன் சான்றிதழை விடுங்கள், கரண்ட் பில்லை எடுங்கள்

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் வாடகைக் கட்டடத்தில் 38 பேருடன் சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறோம். ஜெர்மனியில் இருக்கும் ஆன்லைன் துணிக்கடை ஒன்றுதான் எங்கள் முக்கிய வாடிக்கையாளர். 'உங்கள் கார்பன் வெளியீடு எவ்வளவு, குறைக்க என்ன செய்கிறீர்கள்' என்று கேட்டு நீண்ட கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார்கள். இங்கே ஒரு ஏஜெண்ட், 1.80 லட்சம் கொடுத்தால் பத்து நாளில் 'கார்பன் நியூட்ரல்', அதாவது வெளியிட்ட கார்பனை முழுவதும் ஈடுகட்டிவிட்டோம் என்ற சான்றிதழ் தருகிறேன், இணையதளத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டிருப்பது கணக்கு. ஏஜெண்ட் விற்பது மன்னிப்புச் சீட்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏஜெண்ட் செய்யப்போவது இதுதான். உங்களிடம் நாலைந்து எண்களை வாங்கி, ஒரு கூட்டுத்தொகை போட்டு, அந்த அளவுக்குச் சந்தையில் கிடைக்கிற மலிவான கார்பன் கிரெடிட்டை, அதாவது வேறெங்கோ கார்பன் குறைக்கப்பட்டதாகச் சொல்லி விற்கும் சீட்டை, வாங்கி உங்கள் பெயரில் கழித்துவிடுவார். பெரும்பாலும் அது பத்து வருடத்துக்கு முன்னால் நட்ட ஏதோ ஒரு காற்றாலையின் பழைய கிரெடிட்டாக இருக்கும். அந்தக் காற்றாலை உங்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கிரெடிட்களின் தரத்தைப் பார்க்கும் சர்வதேச அமைப்பு, இப்போது புழக்கத்தில் இருக்கும் இந்த மாதிரி மின் உற்பத்தி கிரெடிட்களுக்குத் தன் தர முத்திரையைத் தர முடியாது என்று 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. காடு காக்கும் கிரெடிட்களின் கதை இன்னும் மோசம். பெரும்பாலானவை காகிதத்தில் மட்டுமே இருப்பவை என்று 2023 ஜனவரியில் ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதிய பிறகு அந்தச் சந்தையே ஆட்டம் கண்டது.

ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஒரு சீரியல் நம்பர் உண்டு. கிரெடிட்களைப் பதிவு செய்யும் பதிவேட்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் தேடிப் பார்க்கலாம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், ஃபிரேம் போட்டு சுவரில் மாட்டிய சான்றிதழைக் கழற்றிக் கொண்டுவந்தார். நம்பரைப் போட்டுப் பார்த்தோம். கிரெடிட் உண்மைதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் பெயரில் கழிக்கப்பட்டிருந்தது. ஒரு முறை கழித்ததை இன்னொருவர் கணக்கில் காட்ட முடியாது. அவர் கொடுத்த பணம் போனது போனதுதான். உங்கள் ஏஜெண்டிடம் சீரியல் நம்பரை முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். 'பணம் கட்டிய பிறகுதான் வரும்' என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இணையதளத்தில் போடும் யோசனை அதைவிட ஆபத்து. கிரெடிட் வாங்கியதை மட்டும் வைத்து ஒரு பொருளை 'கார்பன் நியூட்ரல்' என்று நுகர்வோரிடம் விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது அமல். நம் ஊரிலும் பசுமைப் பொய் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. கூகுளே 2023 முதல் தன்னைக் கார்பன் நியூட்ரல் என்று சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டது. அவர்கள் கழற்றிய பட்டயத்தை நீங்கள் ஏன் காசு கொடுத்து மாட்ட வேண்டும்?

சரி, கணக்குக்கு வருவோம். இதற்குக் கன்சல்டன்ட் தேவையில்லை. உங்கள் அக்கவுண்டன்ட் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்.

முதலில் பன்னிரண்டு மாத மின் யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு. மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் துல்லியமான எண்ணை வெளியிடுகிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 6,000 யூனிட் என்றால் வருடத்துக்கு 72,000 யூனிட், ஏறத்தாழ 52 டன். அடுத்து ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 2.7 கிலோ.

வாடகைக் கட்டடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈ.பி. இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும், உங்களுக்கு சப்-மீட்டர் இருக்கும். உரிமையாளர் தருவது ரூபாய்க் கணக்கு. அதைக் கட்டண வீதத்தால் வகுத்து யூனிட் கண்டுபிடிக்காதீர்கள். யூனிட்டுக்கு அவர் தன் இஷ்டத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் ஏற்றியிருப்பார், கணக்கு கோணிவிடும். மாதம் முதல் தேதி சப்-மீட்டரை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். இத்தனை மாதம் எடுக்கவில்லையா? இன்று தொடங்கி மூன்று மாத ரீடிங் எடுங்கள், அதில் ஒன்று கோடை மாதமாக இருக்கட்டும். மீதியை 'மதிப்பீடு' என்று வெளிப்படையாக எழுதுங்கள். லிஃப்ட், மோட்டார், வராண்டா விளக்கு போன்ற பொதுச் செலவில் உங்கள் தளத்தின் சதுர அடி விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். சப்-மீட்டரே இல்லாமல் மெயின்டனன்ஸோடு மொத்தமாக வாங்குகிறார் என்றால், எலக்ட்ரீஷியனை வைத்து உங்கள் தளத்துக்கு ஒரு மீட்டர் போட்டுவிடுங்கள். ஏஜெண்ட் கேட்கும் தொகையில் சிறு துளிதான் செலவாகும். உரிமையாளர் ஈ.பி. பில்லின் நகலைத் தர மறுத்தால் அதையும் கேள்வித்தாளில் ஒரு வரி எழுதுங்கள். ஜெர்மனிக்காரர் அதற்காகக் கோபப்பட மாட்டார். ஊகித்த எண்ணை உறுதியான எண் போல எழுதினால்தான் கோபப்படுவார்.

இப்போது நான் போகும் ஆபீஸ்களில் எல்லாம் விட்டுப்போகிற ஒன்று: ஏ.சி. கேஸ். ஏப்ரல் மாதம் கூலிங் வரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள். அவர் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேஜைச் சொருகி, 'கேஸ் கம்மி சார்' என்று சொல்லி நிரப்பிவிட்டு அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுவார். அந்த கேஸ் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. காற்றில்தான் போனது. ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இரண்டு ஏ.சி.யில் மொத்தம் இரண்டு கிலோ நிரப்பியிருந்தால் நான்கு டன்னுக்கு மேல். வருடத்துக்கு 180 லிட்டர் டீசல் குடிக்கும் ஜெனரேட்டர் விடுவது அரை டன்தான். ஆகவே சர்வீஸ் பில்லில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று எழுதச் சொல்லுங்கள். காப்பர் பைப் ஜாயின்டில் கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புகிற மெக்கானிக்கை மாற்றுங்கள். புதிதாக வாங்கினால் ஆர்-32 பாருங்கள், பாதிப்பு மூன்றில் ஒரு பங்குதான்.

லேப்டாப்: அதன் ஆயுளுக்கான கார்பனில் பெரும்பங்கு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. மூன்று வருடத்தில் மாற்றுவதை ஐந்து வருடமாக்குங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது என்பதற்காக நல்ல மெஷினைத் தள்ளிவிடாதீர்கள். ராம் கூட்டி, லினக்ஸ் போட்டு டெஸ்டிங் டீமுக்குக் கொடுங்கள். கடைசியில் கழிக்கும்போது தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். எடைக்கு எடுப்பவர் போர்டை என்ன செய்கிறார் என்று ஒரு முறை கூடவே போய்ப் பார்த்தேன். செம்புக்காகக் கேபிளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் எரிகிற புகைக்கு நடுவே ஒரு பையன் வெறும் கையால் கம்பியை உருவிக்கொண்டிருந்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதிவு எண்ணை வாரியத்தின் பட்டியலில் சரிபாருங்கள், விசிட்டிங் கார்டில் இருப்பதை நம்பாதீர்கள். அந்தப் பட்டியலில் நம் மாவட்டத்து ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பது எனக்கும் தெரியும். வருடம் தவறாமல் புது விதி போடுகிறார்கள், சாதாரண மனிதர் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்க்க வசதியாக ஒரு பக்கம் அமைத்துத் தர மட்டும் யாருக்கும் நேரமில்லை.

'சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கித் தருகிறேன்' என்று இன்னொருவரும் உங்கள் படியேறுவார். பிரதமரின் சூரிய வீடு திட்டம் வீட்டு இணைப்புகளுக்குத்தான். வணிக இணைப்புக்கு அந்த மானியம் கிடையாது. முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கிளவுட் சர்வர் கணக்கை அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூவருமே தங்கள் டாஷ்போர்டில் இலவசமாகக் காட்டுகிறார்கள். அதைப் பதிவிறக்கி இணைத்தால் போதும். ராத்திரியும் ஞாயிறும் சும்மா ஓடும் டெஸ்ட் சர்வர்களை அணைக்கச் சொல்லுங்கள், பில்லும் குறையும்.

இத்தனையும் கூட்டினால் உங்கள் ஆபீஸின் கணக்கு எழுபது, எண்பது டன்னுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். கேள்வித்தாளின் இரண்டாம் பாதிக்கு, 'குறைக்க என்ன செய்கிறீர்கள்' என்பதற்கு, அதைவிடப் பெரிய பதில் உங்கள் கையில் இருக்கிறது. அந்தத் துணிக்கடையின் ஆர்டர் பக்கத்தை எழுதுவது நீங்கள்தானே? எந்த டெலிவரி முதலிலேயே டிக் அடித்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் அந்த டிக்கை மாற்றுவதே இல்லை. சீனாவில் அலிபாபாவின் உணவு டெலிவரி செயலி, ஸ்பூன் ஃபோர்க் வேண்டுமா என்ற கேள்வியில் 'வேண்டாம்' என்பதை முன்னிருப்பாக வைத்து, வேண்டாம் என்பவர்களுக்குச் சிறு புள்ளிகளும் கொடுத்தது. ஸ்பூன் வேண்டாம் என்று வந்த ஆர்டர்களின் பங்கு 648 சதவீதம் கூடியதாக 2023இல் சயன்ஸ் இதழ் ஆய்வு சொன்னது. இங்கே ஸொமாட்டோவும் 2021இல் கேட்டால்தான் ஸ்பூன் என்று மாற்றியது.

உங்கள் வாடிக்கையாளரிடம் இரண்டு மாற்றங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, ஒரே வாரத்தில் வாங்கிய துணிகளை ஒரே பார்சலில் அனுப்புவதை முன்னிருப்பாக வைக்கலாமா. இரண்டு, அளவு பொருந்தாமல் திரும்பி வரும் துணிகளைக் குறைக்க, சென்டிமீட்டரில் அளவு அட்டவணையை வாங்கும் பட்டனுக்கு மேலேயே காட்டலாமா. ஒரு மாதம் பாதிப் பேருக்கு மட்டும் காட்டிச் சோதியுங்கள். பார்சல் எண்ணிக்கையும் ரிட்டர்ன் எண்ணிக்கையும் எவ்வளவு மாறின என்பதைக் கேள்வித்தாளின் கடைசிக் கட்டத்தில் எழுதி அனுப்புங்கள்.