வாசகர் கேள்வி: புகார் மெயில் திரும்பி வந்தா யாரைப் புடிக்கிறது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுல ஒரு துணிக்கடைக்கு பில்லிங் சர்வர், சிசிடிவி எல்லாம் நான்தான் பாத்துக்கறேன் சார். பத்து நாளா ஒரே ஐபில (இன்டர்நெட் முகவரி) இருந்து ராத்திரி பூரா பாஸ்வேர்டை மாத்தி மாத்தி அடிச்சுப் பாக்கறானுங்க. ஐபி யாருதுன்னு காட்டற ஹூயிஸ்ல (Whois) போட்டா ஏப்னிக்னு (APNIC) வருது. அதுல இருந்த, புகார் வாங்கற அப்யூஸ் மெயிலுக்கு அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு. ஏப்னிக் கிட்டயே சொல்லி அந்த ஐபியை கட் பண்ணச் சொல்லலாமா?

பதில்: முடியாது தம்பி. பக்கத்து வூட்டுக்காரன் கல்லெறியறான்னு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல போய் நிப்பீங்களா? ஏப்னிக்கும் அப்படித்தான், ஆசியா பசிபிக்ல எந்த ஐபி யார் பேர்ல இருக்குனு பதிவு வெச்சிருக்கற ஆபீஸ், ஆஸ்திரேலியால பிரிஸ்பேன்ல இருக்கு, லைன் புடுங்கற அதிகாரமெல்லாம் அவங்களுக்கு இல்ல. ஆனா பத்திரத்துல அட்ரஸே தப்புன்னா அது அவங்க பாக்கவேண்டிய வேலைதான். செல்லாத கான்டாக்ட்டை சொல்றதுக்குன்னே ஒரு ஃபார்ம் வெச்சிருக்காங்க, திரும்பி வந்த மெயிலை அதுல போட்டு விடுங்க. அப்பறம் ஹூயிஸ்ல இன்னும் மேல பாருங்க, ஐபிகளை மொத்தமா பெரிய பிளாக்கா வாங்கின கம்பெனி ஒன்னு இருக்கும், அவங்க அப்யூஸ் அட்ரஸுக்கும் அதே புகாரை அனுப்புங்க.

புகார்ல கோவத்தைக் கொட்டாதீங்க, சர்வர் எழுதி வெக்கற லாக்ல இருக்கற நாலு வரியை அப்படியே ஒட்டுங்க. ராத்திரி 2:13னு மட்டும் எழுதினா பிரயோஜனமில்ல, இந்திய நேரமா, உலகப் பொது நேரமான யூடிசியான்னு போடணும், ரெண்டுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். எதிராளியோட சோர்ஸ் போர்ட்டும் (அவன் பக்கத்து இணைப்போட நம்பர்) வேணும், ஏன்னா ஒரே ஐபியை நூறு பேருக்குப் பிரிச்சுக் குடுக்கற காலம் இது, போர்ட் இல்லாம எவன்னு கண்டுபுடிக்கவே முடியாது. அது நடக்கற வரைக்கும் ஃபயர்வால்ல அந்த ஐபியை அடைச்சு வைங்க, இதைக்கூட நான் சொல்லணுமா!

கேள்வி: தண்டையார்பேட்டைல சின்னதா இன்டர்நெட் சர்வீஸ் நடத்தறோம், ஐபி நேரா ஏப்னிக்ல வாங்கினது. உங்க ஐஆர்டி மெயிலை உறுதி பண்ணுங்கன்னு ஒரு லிங்க் வந்திருக்கு. ஏமாத்து வேலையா?

பதில்: சந்தேகப்பட்டது நல்லதுதான். ஆனா இது நிஜமாவே நடக்கற விஷயம். ஐஆர்டின்னா உங்க ஐபி மேல புகார் வந்தா யாருக்குப் போகணும்னு சொல்ற பதிவு, 2010 கடைசில இருந்து கட்டாயம். சும்மா எதையோ எழுதி வெச்சவங்க நெறைய இருந்ததால 2019ல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருதடவை மெயில் அனுப்பி ஆள் இருக்காங்களான்னு பாக்கறாங்க. 15 நாள்ல பதில் இல்லைன்னா செல்லாதுன்னு குறிச்சுடுவாங்க. மெயில்ல வந்த லிங்க்கைத் தொடவேணாம், நீங்களே ஏப்னிக்கோட மெம்பர் சைட்டான மைஏப்னிக்ல லாகின் பண்ணிப் பாருங்க.

அந்த அட்ரஸ் போன வருஷம் வேலையை விட்டுப்போன பையனோட சொந்த மெயிலா இருந்தா இன்னைக்கே மாத்துங்க, ரெண்டு மூணு பேர் பாக்கற பொது மெயிலா போடுங்க. இன்னொன்னு, அந்தப் பெட்டிக்கு மட்டும் ஸ்பேம் ஃபில்டரை தளர்த்தி விடுங்க. புகார் குடுக்கறவன் உங்க ஐபில இருந்து அவனுக்கு வந்த திருட்டு மெயிலையே ஒட்டித்தானே அனுப்புவான், உங்க ஃபில்டர் அவனையே திருடன்னு நெனச்சு வாசல்லயே தொரத்திடும்.