லினக்ஸ் ஸ்டோரேஜ் டிரைவரில் மெமரி பிழையா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, எங்கள் போர்டுக்கு நாங்களே எழுதிய டிஸ்க் டிரைவர் அது. நாள் முழுக்க நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று கர்னல் கிராஷ் ஆகிறது. ஒரு தடவை நெட்வொர்க் கோடில், இன்னொரு தடவை ஃபைல் சிஸ்டத்தில். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கிராஷ் ஆன இடத்தை விட்டுவிடுங்கள் தம்பி. இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால், விடுவித்துவிட்ட மெமரியை யாரோ இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது அடுத்து யார் கைக்குப் போனதோ அவர் மாட்டிக்கொள்கிறார், அநேகமாக அதுதான் கதை. கர்னலை ஸ்லப்_டீபக்=எஃப்இசட்பி என்ற ஆப்ஷனோடு பூட் செய்யுங்கள். விடுவித்த மெமரியை அது 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும், அப்புறம் ஊப்ஸ் என்ற கர்னலின் பிழைச் செய்தியில் ஏதாவது ரிஜிஸ்டரில் 6பி6பி6பி6பி என்று வரிசையாகத் தெரிந்தால் ஆள் அகப்பட்ட மாதிரிதான். அதற்கடுத்து கேசான், மெமரியைத் தப்பாகத் தொடுவதைப் பிடிக்கும் கர்னலின் சொந்தக் கருவி. 2015-இல் 4.0 கர்னலில் வந்தது. ராமில் எட்டில் ஒரு பங்கை விழுங்கும், வேகமும் குறையும். இருந்தாலும் டெஸ்ட் மெஷினில் அது இல்லாமல் டிரைவர் எழுதுகிறவர்களின் துணிச்சல் எனக்கு வராது. எங்கே தொட்டது, எங்கே ஒதுக்கியது, எங்கே விடுவித்தது என்று மூன்று ஸ்டாக்கையும் ஒரே ரிப்போர்ட்டில் கொடுத்துவிடும்.

கேள்வி: அதே ஆள்தான் அண்ணா. கேசான் வாயே திறக்கவில்லை, மெமரியை ஒதுக்கித் தரும் ஸ்லப் மட்டும் ‘பாய்சன் ஓவர்ரிட்டன்’ (நிரப்பி வைத்த 6பி மேல் யாரோ எழுதிவிட்டார்கள்) என்று கத்துகிறது.

பதில்: ஆகா, நல்ல துப்பு. கேசானுக்கு சிபியு படிப்பதும் எழுதுவதும்தான் தெரியும், டிஸ்க் கன்ட்ரோலர் டிஎம்ஏ வழியாக, அதாவது சிபியுவைக் கேட்காமல், நேராக ராமில் எழுதுவது அதன் கண்ணிலேயே படாது. உங்கள் டைம்அவுட் ஹேண்ட்லரைத் திறந்து பாருங்கள். கமாண்ட் நேரத்துக்குள் முடியவில்லை என்றதும் பஃபரை விடுவித்துவிட்டு மேலே பிழை என்று சொல்லி அனுப்புகிறீர்களா? டிரைவருக்குத்தான் நேரம் முடிந்தது, டிஸ்க்குக்கு முடியவில்லை. அது சாவகாசமாக வந்து பழைய முகவரியிலேயே டேட்டாவைக் கொட்டும். குடியிருப்பவர் காலி செய்யுமுன்பே வீட்டை அடுத்தவருக்கு வாடகைக்கு விட்ட கதை. வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் அந்தக் கமாண்டை அபார்ட் செய்யுங்கள், கேட்கவில்லையா, கன்ட்ரோலரையே ரீசெட் செய்யுங்கள், டிஎம்ஏ நின்றது உறுதியான பிறகு அன்மேப் (அந்த மெமரியை டிவைஸிடமிருந்து துண்டிப்பது), அதற்குப் பிறகுதான் ரிக்வெஸ்ட் முடிந்தது என்று சொல்லி பஃபரை விடுவது.

பிழையை வேண்டுமென்றே வரவழைக்க ஒரு வழி உண்டு. ஸ்கசி டிஸ்க் என்றால் டைம்அவுட் வழக்கமாக 30 விநாடி. கர்னல் தன் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் அந்த டிஸ்கின் டிவைஸ் டைரக்டரிக்குள் டைம்அவுட் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதில் 1 என்று எழுதிவிட்டு டிஸ்கில் பலமாக லோடு ஏற்றுங்கள். போர்டில் ஐஓஎம்எம்யு (டிவைஸ் எந்த மெமரியைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஹார்டுவேர்) இருந்தால் அதை ஸ்ட்ரிக்ட் மோடில் வையுங்கள், அன்மேப் ஆன இடத்தில் டிவைஸ் கை வைத்த உடனே ஃபால்ட் வரும்.

கேள்வி: சார், பாயின்டர் ‘நல்’ஆ, அதாவது எதையும் காட்டாமல் வெறுமையாக இருக்கிறதா என்று ஒரு செக் போட்டால் முடிந்தது, எதற்கு இவ்வளவு?

பதில்: முடியாது. கேஃப்ரீ என்று மெமரியை விடுவித்தால் பாயின்டர் தானாக நல் ஆகாது, ஆக்கினாலும் இன்னொரு ஸ்ட்ரக்சரில் இருக்கும் நகல் அப்படியேதான் இருக்கும். இந்த மெமரி யாருக்குச் சொந்தம், கடைசியாக விடுவது யார் என்று முடிவு செய்யாமல் போடும் நல் செக், கிராஷை வாடிக்கையாளர் மெஷினுக்குத் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பேருக்குச் சொந்தம் என்றால் கேரெஃப் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) போட்டு எண்ணுங்கள்.

கேள்வி: ராம் குறைந்தால் மட்டும் சிஸ்டம் அப்படியே உறைந்துபோகிறது, கிராஷ் இல்லை. மெமரி கேட்க டிரைவரில் எல்லா இடத்திலும் ஜிஎஃப்பி_கர்னல் என்ற ஃபிளாக்தான்.

பதில்: பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ராம் தீர்ந்தால் கர்னல் அழுக்குப் பக்கங்களை (மாறியும் இன்னும் டிஸ்குக்குப் போகாத மெமரியை) டிஸ்கில் எழுதி இடம் காலி செய்யப் பார்க்கும். அந்த எழுத்து உங்கள் டிரைவருக்குத்தான் வரும், டிரைவர் ஜிஎஃப்பி_கர்னல் என்று மெமரி கேட்கும், கேட்டதும் கர்னல் மறுபடி டிஸ்கில் எழுதி இடம் பிடிக்கலாம் என்று காத்திருக்கும். ஒருவருக்கொருவர் காத்திருந்தே விடிந்துவிடும். ஐஓ போகும் பாதையில் ஜிஎஃப்பி_நோஐஓ (மெமரிக்காக டிஸ்க் ஐஓ தொடங்காதே) போடுங்கள், ஸ்பின்லாக் பிடித்திருக்கும், அதாவது தூங்கவே கூடாத இடத்தில் ஜிஎஃப்பி_அட்டாமிக் (காத்திருக்காதே). இவை இரண்டிலுமே மெமரி கிடைக்காமல் போகலாம், அதனால் ஒரு ரிக்வெஸ்டாவது நகரும்படி மெம்பூலில் முன்கூட்டியே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மற்ற டிரைவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. நிஜத்தில் நடந்த உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: 2021 மார்ச்சில் வெளிவந்த, லினக்ஸ் கர்னலின் ஐஸ்கசி (நெட்வொர்க் வழியே டிஸ்க்) பிழைகளைப் படியுங்கள் அம்மா. கண்டுபிடித்தது கிரிம் என்ற பாதுகாப்பு நிறுவனம், கோட் 2006 முதல் இருந்தது, ஆக 15 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. சிஸ்எஃப்எஸ் தருவது ஒரே ஒரு பக்கம், 4096 பைட். யூசர் கொடுத்த ஸ்ட்ரிங்கை நீளம் பார்க்காமல் ஸ்பிரின்ட்எஃப் என்ற ஃபங்ஷன் அதில் கொட்டியது, ஸ்ட்ரிங் பெரிதாக இருந்தால் பக்கத்து மெமரி நாசம். சரிசெய்தது எப்படி என்பதுதான் பாடம்: ஸ்பிரின்ட்எஃப் போன இடத்தில் எல்லை பார்க்கும் சிஸ்எஃப்எஸ்_எமிட் வந்தது, அது போதாதென்று உள்ளே வரும் நீளங்களையும் சோதித்தார்கள், அட்மின் அனுமதி இல்லாதவர் அந்தப் பக்கமே வர முடியாதபடி கதவையும் பூட்டினார்கள்.

கேள்வி: பேட்ச் ரெடி. அனுப்பும்போது என்ன கவனிக்க?

பதில்: பிழை எந்த கமிட்டில் நுழைந்தது என்று கிட் பிளேமில் (எந்த வரி எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) தேடி, கமிட் செய்தியின் ஃபிக்ஸஸ் வரியில் அதன் ஹாஷில் முதல் 12 எழுத்தும் தலைப்பும் போடுங்கள். பழைய கர்னல்களுக்கும் போக வேண்டும் என்றால் அவற்றைப் பராமரிக்கும் ஸ்டேபிள் குழுவுக்கு சிசி. கேசான் ரிப்போர்ட்டைக் கமிட் செய்தியில் தேவையான வரிகள் மட்டும் இருக்கும்படி வெட்டி ஒட்டுங்கள், முழுசாக ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். அப்புறம் தயவுசெய்து அதே பேட்ச்சில் ஸ்பேஸ், டேப் எல்லாம் திருத்தாதீர்கள்.