வெள்ளையாகத் திரிந்தால் போத்தல் பழுதா? பொஸ்போடங்ஸ்டிக் அமிலம் பற்றி ஒரு பதில்

கேள்வி: கிளிநொச்சியில் படிக்கிறேன். இலுப்பை எண்ணெயை டீசலுக்குப் பதிலாகப் பாவிக்கும் எரிபொருளாக மாற்றுவது எனது செயற்றிட்டம். எண்ணெயின் அமில எண் (1 கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க வேண்டிய பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, மில்லிகிராமில்) 30. சல்பூரிக் அமிலத்துக்குப் பதிலாக பொஸ்போடங்ஸ்டிக் அமிலத்தை ஊக்கியாக எடுத்தேன். 100 கிராம் எண்ணெய், 20 மி.லீ. மெதனோல், 1 கிராம் ஊக்கி, 60 பாகை, 2 மணித்தியாலம். அமில எண் 27க்கு மட்டுமே இறங்கியது. அதே போத்தலில் இருந்து, இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு அனுப்ப வேண்டிய பக்றீரியா மாதிரிகளுக்கு 2% சாயக் கரைசலும் செய்தேன். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விட்டதும் பால் மாதிரி வெள்ளையாகிவிட்டது. போத்தல் பழுதாகிவிட்டதா?

பதில்: போத்தலில் பழுது இல்லை. இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். இந்த அமிலத்தின் மூலக்கூறு ஒரு கூடு. நடுவில் ஒரு பொஸ்பரஸ் அணு, சுற்றிவர 12 தங்ஸ்தன், 40 ஒட்சிசன், வெளியே 3 புரோத்தன், அதாவது அமிலத்தன்மை தரும் ஐதரசன் அயன். 1933இல் கெகின் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிர் கொண்டு கண்ட அமைப்பு இது. பி.எச். ஏறத்தாழ 1.5க்குக் கீழே இருக்கும்வரை கூடு முழுதாக நிற்கும். அதற்கு மேலே போகப்போக முதலில் ஒரு தங்ஸ்தன் கழன்று ஓட்டைக் கூடாகும். காரம் இன்னும் ஏறினால் வெறும் பொஸ்பேற்றும் தங்ஸ்தேற்றுமாக உடையும். ஊக்கியாக வேண்டுமானால் கூடு முழுதாக இருக்க வேண்டும். சாயமாக வேண்டுமானால் பி.எச். 7க்குக் கொண்டுவந்து கூட்டைக் குலைக்கத்தான் வேண்டும். ஆகவே இரண்டு வேலைக்கும் ஒரே கரைசலை ஒருநாளும் பாவிக்க முடியாது.

முதலில் எண்ணெய். சல்பூரிக் அமிலத்துக்கு 1% போதும் என்று படித்துவிட்டு இதற்கும் 1% போட்டிருக்கிறீர்கள். இதன் மூலக்கூற்று நிறை 2880. போத்தலில் இருப்பது பெரும்பாலும் 24 நீர் மூலக்கூறுகள் ஒட்டிய பளிங்கு, அப்போது 3312. அதாவது 1 கிராமில் கிடைக்கும் புரோத்தன் 0.9 மில்லிமோல்தான். 1 கிராம் சல்பூரிக் அமிலத்தில் 20 மில்லிமோல். ஒவ்வொரு புரோத்தனும் சல்பூரிக்கினதைவிட வலிமையானது என்பது உண்மை. ஆனால் 22 மடங்கு குறைந்த எண்ணிக்கையை அந்த வலிமை மட்டும் ஈடுகட்டாது.

அதைவிடப் பெரிய பிழை அளவீட்டில் இருக்கிறது. நியமிக்கும்போது, அதாவது காரத்தைத் துளித்துளியாக விட்டு அமிலத்தை அளக்கும்போது, எண்ணெய் மாதிரியில் ஊக்கி கலந்திருந்தால் அதுவும் காரத்தைக் குடிக்கும். அது 3 புரோத்தனோடு நிற்காது. கூடு முழுதாக உடைந்தால் ஒரு மூலக்கூறு 26 ஐதரொட்சைட்டுகளை விழுங்கும். உங்கள் 1 கிராம் ஊக்கி 100 கிராம் எண்ணெயின் அமில எண்ணை 4.4 வரை பொய்யாக உயர்த்திக் காட்டக்கூடும். ஆகவே நீங்கள் கண்ட 27 உண்மையில் 23க்குக் கிட்டவும் இருந்திருக்கலாம். காட்டியான பினோல்தலினின் நிறம் வந்து வந்து மறைந்திருந்தால், காரணம் இதுதான்: கூடு மெதுவாகத்தான் உடையும். இனிமேல் ஒவ்வொரு மாதிரியையும் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரால் இரண்டு முறை கழுவி, நீரைப் பிரித்து, எண்ணெய்ப் படையை மட்டும் நியமியுங்கள்.

அமில எண் 30 என்றால் சுயாதீன கொழுப்பமிலம் ஏறக்குறைய 15%. 100 கிராம் எண்ணெயில் அது 0.053 மோல். மெதனோல் அதன் 20 மடங்கு மோலாவது இருக்க வேண்டும், 45 மி.லீ. எடுங்கள். உங்கள் 20 மி.லீ. வெறும் 9 மடங்குதான். ஊக்கி 3 கிராம். அதை 120 பாகையில் ஒரு மணித்தியாலம் உலர்த்தி, சூடு ஆறியதும் உடனே நிறுங்கள். மாரி காலத்தில் திறந்து வைத்தால் திரும்பவும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊக்கியை முதலில் மெதனோலில் கரைத்து, பிறகு எண்ணெயில் ஊற்றி, மெதனோல் ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் ஒடுக்கி பொருத்தி, 60 முதல் 65 பாகையில் காந்தக் கலக்கியால் விடாமல் கலக்குங்கள். மணிக்கொரு மாதிரி. அமில எண் 2க்குக் கீழே வந்தால்தான் அடுத்த கட்டமான கார ஊக்கிக்குப் போகலாம். அதற்கு முன்பு போனால் சவர்க்காரம்தான் மிஞ்சும். 5, 6 மணித்தியாலத்திலும் இறங்காமல் நின்றுவிட்டால் எதிர்வினையில் உண்டான நீர்தான் தடுக்கிறது. மெதனோல் படையைப் பிரித்தெடுத்துவிட்டு, புது மெதனோலும் புது ஊக்கியும் விட்டு இரண்டாம் முறை ஓட்டுங்கள். மெதனோல் ஆவி தீப்பிடிக்கும், கண்பார்வையைப் பறிக்கும்; திறந்த அடுப்பு வேண்டாம், நீர்த்தொட்டியில் சூடாக்குங்கள்.

விதையைப் பற்றியும் ஒன்று. பொறுக்கிய இலுப்பை விதையை ஈரத்தோடு சாக்கில் கட்டி வைத்தால் கொழுப்பமிலம் ஏறிக்கொண்டே போகும். நன்றாகக் காயவைத்து, உடனே ஆட்டினால் இந்த வேலையில் பாதி குறையும்.

ஊக்கியைத் திரும்ப எடுக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். இது மெதனோலில் நன்றாகக் கரையும். களியிலோ சிலிக்காவிலோ ஏற்றிப் பாவித்தாலும், முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று மெதனோலோடு போய்விடும். கரையாத வடிவம் வேண்டுமானால் சீசியம் உப்பாக்குவதுதான் நல்ல வழி. 5 கிராம் பளிங்கை 50 மி.லீ. நீரில் கரைத்து, 0.615 கிராம் சீசியம் காபனேற்றின் கரைசலைத் துளித்துளியாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். மூன்று புரோத்தனில் இரண்டரைக்குச் சீசியம் ஏறும். மிச்சம் அரைப் புரோத்தன்தான் வேலை செய்யும். வீழ்படிவு மிக நுண்மையானது, வடிதாளில் நிற்காது. வடிக்க முயலாமல் 50 பாகையில் நீரை வற்றவிட்டு, 300 பாகையில் சுடுங்கள். சாதாரண அமிலப் பளிங்கின் மேற்பரப்பு கிராமுக்கு 10 சதுர மீற்றருக்கும் குறைவு. இந்த உப்பில் 100ஐத் தாண்டும். தொழிற்சாலைகளுக்கு இந்தக் குடும்பத்து அமிலங்கள் புதியவை அல்ல. ஜப்பானில் 1972இலேயே புரப்பீனை நீரேற்றி ஐசோபுரப்பனோல் செய்ய இவற்றை ஊக்கியாக எடுத்தார்கள்.

இனிச் சாயக் கரைசல். பொற்றாசியம் விட்டதும் வந்த வெள்ளை, கூடு முழுதாக இருக்கும்போது உண்டாகும் பொற்றாசியம் உப்பு. அது நீரில் கரையாது. பி.எச். 7ஐ நோக்கி ஏறக் கூடு குலைந்து அது பெரும்பாலும் திரும்பக் கரைந்துவிடும். ஆனால் பயந்து பாதியில் நிறுத்தினால் கலங்கலாகவே நிற்கும். சோடியம் ஐதரொட்சைட்டுக்கு மாறுங்கள், அந்த உப்பு கரையும். 1 கிராமை 40 மி.லீ. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டு பி.எச். 7.0க்குக் கொண்டுவந்து 10 நிமிடம் விடுங்கள். பி.எச். கீழே இறங்கியிருக்கும், மறுபடி சரிசெய்து, 50 மி.லீ. ஆக்கி, 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் வடித்து, குளிரூட்டியில் வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. வன்னியில் கேத்தலில் வெள்ளைப் படலம் ஒட்டுகிற தண்ணீர் பல இடத்தில் உண்டு. அதிலுள்ள கல்சியம், நடுநிலையில் தங்ஸ்தேற்றாகப் படிந்து திரைமுழுக்கப் புள்ளியாகத் தெரியும்.

காபன் படலமிட்ட செப்புக் கம்பிவலையில் மாதிரி 5 மைக்ரோலீற்றர், ஒரு நிமிடம். வடிதாள் ஓரத்தால் உறிஞ்சுங்கள். மாதிரி உப்புத் தாங்கற்கரைசலில் இருந்தால் ஒரு துளி நீரால் கழுவி மறுபடி உறிஞ்சுங்கள்; விட்டால் உப்புப் பளிங்குதான் படமாக வரும். பிறகு சாயம் 5 மைக்ரோலீற்றர், 30 முதல் 60 செக்கன், உறிஞ்சிக் காயவிடுங்கள். தங்ஸ்தன் பாரமான அணு. அது பக்றீரியாவைச் சுற்றித் தேங்கி இலத்திரனைத் தடுக்கும், உடல் வெளிறித் தெரியும். 1959இல் பிரெனரும் ஹோர்னும் வைரசுகளுக்குப் பரவலாக்கிய முறை இது. சாயம் திட்டுத்திட்டாக ஒதுங்கினால் வலையின் மேற்பரப்பு நீரை ஏற்கவில்லை என்று அர்த்தம். ஒளிர்மின்னிறக்கம் (glow discharge) செய்து நீர் ஏற்கும்படி ஆக்கிய வலை கேளுங்கள். யுரேனைல் அசெற்றேற்று இதைவிட நுண்ணிய மணி தரும். ஆனால் அது கதிரியக்கமுடையது, பொஸ்பேற்றில் படியும்; உங்கள் வேலைக்கு இதுவே போதும்.

ஒளி நுணுக்குக்காட்டிதான் கைக்கெட்டுகிறதென்றாலும் போத்தல் வீணல்ல. இழையங்களுக்கான மாசன் மூவண்ணச் சாயத்தில், சிவப்புச் சாயத்துக்குப் பிறகு இதன் 5% கரைசலில் 10 முதல் 15 நிமிடம் இழையத் துண்டுகளை வைப்பார்கள். கொலாஜன் என்ற நார்ப் புரதத்திலிருந்து சிவப்பு கழன்று, அடுத்து வரும் அனிலின் நீலம் அங்கே ஏறும். இங்கே பி.எச். சரிசெய்யவே கூடாது.

இரும்புக் கரண்டியால் அள்ளாதீர்கள். இரும்பிலிருந்து இலத்திரன் ஏறி (தாழ்த்தல்) கரைசலில் நீலம் பாயும். மெதனோலில் கரைத்ததை வெயிலில் வைத்தாலும் அப்படியே, ஆகவே மண்ணிறப் போத்தலில் வையுங்கள். தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கழிவைக் கிணற்றடிப் பக்கம் ஊற்றாமல் தனி கானில் சேர்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். போத்தல் 25 கிராம் என்றால் சாயத்துக்கு 1 கிராமை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சம் 24 கிராம், 3 கிராம் வீதம் எட்டு ஓட்டங்களுக்குச் சரியாக வரும்.