மஞ்சள் விளக்கு பழுதின் அடையாளமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர், அதைக் கொண்டுசெல்லும் கொன்வேயர் ஆகியவற்றின் மோட்டர்களை இயக்குவதற்காகச் சீமென்ஸ் எஸ்7-1200 வகைப் பி.எல்.சி. (இயந்திரங்களைப் புரோகிராமின்படி இயக்கும் சிறு கணினி) ஒன்றைப் புதிதாக வாங்கிப் பனலில் பொருத்தியுள்ளோம். மின்சாரம் கொடுத்தால் மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது. கணினியிலிருந்து பிங் செய்து (இணைப்பு உண்டா என்று சோதனைச் செய்தி அனுப்பி) பார்த்தாலும் பதில் வருவதில்லை. பழுதான பொருளைத் தந்துவிட்டார்களா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பழுதன்று. புரோகிராம் ஏற்றப்படாத புதிய அலகு நின்ற நிலையிலேயே இருக்கும். அசையாமல் எரியும் மஞ்சள் விளக்கு அதைத்தான் காட்டுகிறது. சிவப்பு விளக்கு மினுங்கினால்தான் பிழையைத் தேட வேண்டும். பிங் கிடைக்காததற்கும் காரணம் உண்டு: பெட்டியிலிருந்து எடுத்த அலகுக்கு ஐ.பி. முகவரியே (நெட்வேர்க்கில் அதை அடையாளங்காட்டும் எண்) கிடையாது. கணினிக்கு 192.168.0.5 என்ற முகவரியையும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கையும் கொடுத்து, சாதாரண நெட்வேர்க் கேபிளால் இணைத்து, சீமென்ஸின் புரோகிராம் எழுதும் மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலில் அணுகக்கூடிய சாதனங்களைத் தேடுங்கள். அலகு அங்கே தன் மெக் முகவரியுடன் (தயாரிக்கும்போதே இடப்படும் தனி அடையாள எண்) தோன்றும். அந்த எண் அலகின் முகப்பிலும் அச்சிடப்பட்டிருப்பதால், இரண்டையும் ஒப்பிட்ட பின்னர் 192.168.0.1 போன்றதொரு முகவரியை வழங்குங்கள். திட்டத்தில் தெரிவு செய்யும் ஃபேர்ம்வெயர் (அலகின் உள்மென்பொருள்) பதிப்பு அலகில் உள்ளதைவிட உயர்ந்ததாக இருந்தால் ஏற்றம் நடைபெறாது.

மின்சாரம் கொடுத்தாயிற்று என்கிறீர்கள்; ஆயினும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இவ்வகையில் 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் அலகும் 230 வோல்ட்டை நேரடியாக ஏற்கும் அலகும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்கு 230 வோல்ட்டைக் கொடுத்தால் அந்தக் கணமே அது கருகிவிடும்.

புரோகிராமை ஏற்றியதும் மோட்டர்களை ஓடவிட்டுவிடாதீர்கள். மோட்டர்களுக்குச் செல்லும் பிரேக்கர்களை இறக்கி வைத்துவிட்டு, ஒருவர் எலிவேட்டரடியில் நின்று சென்சரை மறைக்க, மற்றவர் பனலில் அதற்குரிய சிறு பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும்; ஒவ்வொரு வயருக்கும் இப்படியே செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்ததால், மேலே உள்ள கொன்வேயர் ஓடுவதற்கு முன்பே எலிவேட்டர் ஓடி, வாய் அடைத்து, பெல்ட் அறுந்துபோனது. அரைமணி நேரச் சோதனை அந்தச் செலவைத் தவிர்த்திருக்கும். சுமை மீறினால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயில், வழக்கமாக மூடியிருக்கும் தொடுமுனையையே உள்ளீட்டுக்கு இணையுங்கள்; உமித்தூசிக்குள் எலி வயரைக் கடித்தாலும் மோட்டர் நின்றுவிடும். அவசர நிறுத்தப் பொத்தானோ புரோகிராமை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அது மோட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான கொன்டக்டரின் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும்.

நேரத்தையும் அமைத்துவிடுங்கள். அலகின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், நேர வலயத்தை +5:30 என்று குறிக்காவிட்டால் பதிவுகள் யாவும் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிய நேரத்தையே காட்டும்.

வேலையை முடித்த தொழில்நுட்பவியலாளர் புறப்படுமுன், புரோகிராமின் முழுப் பிரதியையும் கடவுச்சொல்லையும் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பெரும்போக நெல் முற்றத்தில் குவிந்திருக்கும் வேளையில், கடவுச்சொல் தெரிந்த ஒருவரைத் தேடி நீங்கள் அலையக் கூடாது.