பழைய 486-இன் ஹார்ட் டிஸ்க் சாகிறது: தோற்றம் கெடாமல் மாற்ற முடியுமா?

கேள்வி: அப்பா 1993-இல் வாங்கிய 486 கணினி இன்னும் வீட்டில் இருக்கிறது. எம்எஸ்-டாஸ் 6, விண்டோஸ் 3.1, 130 எம்பி சீகேட் ஹார்ட் டிஸ்க். சில மாதங்களாக டிஸ்க் கீச்சிடுகிறது. சில நாள் சுழலவே மறுக்கிறது, சில நாள் "டிஸ்க் இல்லை" என்றே திரையில் வருகிறது. மாற்றியாக வேண்டும். ஆனால் வெளியே பார்த்தாலும் சரி, மூடியைக் கழற்றிப் பார்த்தாலும் சரி, அது அப்பாவின் கணினியாகவே இருக்க வேண்டும். முன்பக்க விளக்கு மினுக்க வேண்டும், முடிந்தால் அந்தச் சத்தமும் வேண்டும். வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் ஒன்று: இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கணினியை மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். கீச்சிடும் டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை தடவை சுழலும் தெம்பு இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருப்பதையெல்லாம் உள்ளே உள்ள கோப்புகளை மீட்கச் செலவிட வேண்டும்.

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். கீச்சொலியும் சுழல மறுப்பதும் டிஸ்க்கின் நோய்: பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது நிற்கும்போது தட்டின்மேல் அமரும், தகவலைப் படிக்கும் ஹெட் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். "டிஸ்க் இல்லை" என்ற செய்திக்குக் காரணம் மதர்போர்டு பேட்டரியாகவும் இருக்கலாம். அந்தக் காலத்து பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) பலவற்றில் டிஸ்க்கின் அளவுகளை நாமே பதிய வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அது மறந்துபோகும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளைப் பாருங்கள், சிலிண்டர், ஹெட், செக்டர் என்று டிஸ்க் பிரிந்திருக்கும் விதத்தைச் சொல்லும் மூன்று எண்கள் இருக்கலாம். உங்களுடையது எஸ்டி3144ஏ மாடல் என்றால் 1001, 15, 17. மூன்றையும் பெருக்கி, ஒரு செக்டரின் அளவான 512 பைட்டால் பெருக்கினால் 130,690,560 பைட், அதாவது உங்கள் 130 எம்பி. இந்த எண்களைத்தான் பயாஸில் 'டைப் 47' என்ற இடத்தில் எழுத வேண்டும்.

மூடியைத் திறந்ததும் பீப்பாய் வடிவில் சின்னப் பேட்டரி தெரிந்தால், டிஸ்க்கை விடவும் அதுதான் அவசரம். அது 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. வயதானால் கசிந்து போர்டின் செப்புத் தடங்களை அரித்துவிடும். வெட்டி எடுத்துவிடுங்கள், புதுப் பேட்டரியைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். பச்சை படிந்த இடத்தைக் கொஞ்சம் வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலரவிடுங்கள். டிஸ்க் போனால் இன்னொன்றைப் பொருத்தலாம், போர்டு போனால் அப்பாவின் கணினியே போயிற்று.

அடுத்தது மீட்பு. உங்கள் டிஸ்க் கணினியோடு இணையும் முறைக்கு ஐடிஇ என்று பெயர். யுஎஸ்பி-ஐடிஇ மாற்றிகளில் பல, செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் அழைக்கும் எல்பிஏ முறை தெரியாத பழைய டிஸ்க்குகளை அடையாளம் காண்பதில்லை. அதில் மாட்டிப் பார்த்துவிட்டு டிஸ்க் செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. போர்டிலேயே ஐடிஇ துளை உள்ள கணினி ஒன்றில் லினக்ஸை ஏற்றி, டிடிரெஸ்க்யூ நிரலால் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் படியெடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட செக்டர்களுக்குக் கடைசியில்தான் போகும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கொடுத்திருந்தால், டிஸ்க் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்படியொரு கணினி கிடைக்காவிட்டால், டாஸ் 6-உடன் வரும் இன்டர்லிங்க் நிரலையும் ஒரு பேரலல் கேபிளையும் வைத்து வேறொரு பழைய கணினிக்கு அனுப்பலாம். அப்போது அப்பாவின் கடிதங்களும் கணக்குகளும் முதலில் போகட்டும், நிரல்கள் பிறகு.

எல்லாம் தயாரான பின்தான் டிஸ்க்குக்கு மின்சாரம். சுழலவில்லையா? கிடைமட்டமாகக் கையில் பிடித்து, மின்சாரம் தரும் அதே நொடியில் மணிக்கட்டைச் சட்டென்று திருப்புங்கள். ஒட்டிய ஹெட் பெரும்பாலும் விடுபடும். தட்டாதீர்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், டிஸ்க்கின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

மாற்றாக இன்னொரு பழைய ஐடிஇ டிஸ்க்கைத் தேடாதீர்கள், அதற்கும் இதே வயதுதான். என் தேர்வு கம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. 1994-இல் வந்த இந்தக் கார்டுக்கு ஐடிஇ மொழி இயல்பாகவே தெரியும், அதனால் அடாப்டர் என்பது வெறும் கம்பி இணைப்புதான். எஸ்டி கார்டு என்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்புச் சிப் தேவைப்படும், பழைய பயாஸ்களுக்கு அது எப்போதும் ஒத்துப்போவதில்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று செய்த கார்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற எல்லையைத் தாண்டாது, அதாவது 528,482,304 பைட். 512 எம்பி கார்டு அதற்குள் அடங்கும், உங்களுக்கு அது நான்கு மடங்கு இடம்.

பலர் சறுக்கும் இடம் இனிதான். எடுத்த படியை அப்படியே கார்டில் எழுதினால் கணினி பூட் ஆகாது, ஒருவேளை பூட் ஆனாலும் கோப்புகள் குழம்பிக் கிடக்கும். பழைய டிஸ்க்கில் ஒரு தடத்துக்கு 17 செக்டர், கார்டில் அது வேறு. பூட் செக்டரிலோ பழைய கணக்கே எழுதியிருக்கும். ஆகவே கார்டை 486-இலேயே பொருத்தி, டாஸ் ஃபிளாப்பியிலிருந்து கிளப்பி, எஃப்டிஸ்க்கால் பிரித்து, ஃபார்மேட் கட்டளையோடு (பூட் ஆகத் தேவையான டாஸ் கோப்புகளையும் எழுதும்) /எஸ் சேர்த்து அங்கேயே தயார் செய்யுங்கள். பிறகு கார்டை லினக்ஸ் கணினிக்குக் கொண்டுவந்து, படியை மவுன்ட் செய்து (ஒரு டிஸ்க்கைப் போலத் திறந்து) கோப்புகளை மட்டும் நகலெடுங்கள். 17 செக்டர் கணக்கில் முதல் பகுதி வழக்கமாக 8704-ஆவது பைட்டில் தொடங்கும், மவுன்ட் கட்டளைக்கு அந்த எண் வேண்டும். கார்டில் ஏற்கெனவே எழுதப்பட்ட டாஸ் கணினிக் கோப்புகளின்மேல் பழையவற்றை எழுத வேண்டாம். விண்டோஸ் 3.1 நினைவகம் போதாதபோது பயன்படுத்தும் நிரந்தர ஸ்வாப் கோப்பையும் விட்டுவிடுங்கள். அதன் இடம் டிஸ்க்கோடு பிணைந்தது, விண்டோஸுக்குள் போய்ப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.

இப்போது தோற்றம். நான் பின்பற்றும் விதி ஒன்றே: திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்வதில்லை. துளை போடுவதில்லை, தகட்டை வெட்டுவதில்லை. கார்டைப் பின்பக்கத் துளை வழியாகச் செருக வைக்கும் அடாப்டர்கள் வசதியானவைதான், ஆனால் உங்கள் கணினிக்கு அவை வேண்டாம். பழைய டிஸ்க் தன் கூட்டிலேயே, தன் நான்கு திருகுகளோடு இருக்கட்டும். மின்சாரக் கேபிளோடு டேட்டா கேபிளையும் அதிலிருந்து கழற்றிவிடுங்கள், ஏனென்றால் மின்சாரம் இல்லாத டிஸ்க் கேபிளில் தொங்கினால் சிக்னலைக் கெடுக்கலாம். சிறிய அடாப்டரைக் கூட்டுக்குப் பின்னாலோ அடியிலோ, ஏற்கெனவே உள்ள ஓட்டைகளில் நைலான் தாங்கிகளால் நிறுத்துங்கள். அதன் அடிப்பக்கம் எந்த உலோகத்திலும் படக் கூடாது. மூடியைத் திறப்பவர் கண்ணுக்குப் பழைய டிஸ்க்தான் தெரியும்.

டிஸ்க்கின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் கார்டை வைப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அப்பா எழுதியவை காந்தப் புள்ளிகளாக அந்தத் தட்டுகளில்தான் இருக்கின்றன. இன்று படிக்க முடியாத செக்டரை நாளை வேறொரு நிபுணர் மீட்கக்கூடும். அதைத் திறக்க எனக்கு மனம் வராது.

முன்விளக்குக்குத் தனி வேலை இல்லை. ஐடிஇ கேபிளின் 39-ஆவது பின் வழியாகத்தான் அதற்கான சிக்னல் வருகிறது, நல்ல அடாப்டர் அதைக் கடத்திவிடும். ஐடிஇ கேபிள் செருகியிருக்கும் கன்ட்ரோலர் கார்டிலிருந்து போகும் விளக்குக் கம்பியைத் தொடாதீர்கள். மினுக்காவிட்டால் அடாப்டரில் மாஸ்டர் ஜம்பரும் (கார்டை முதல் டிஸ்க்காகக் காட்டும் சின்னச் செருகி), கேபிளின் சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் இருக்கிறதா என்பதும் பாருங்கள்.

சத்தத்துக்காகப் பழைய டிஸ்க்குக்கு மின்சாரம் மட்டும் கொடுத்துச் சுழலவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தேய்ந்த பேரிங்கை அப்படி ஓட்டினால் அதைக் கொல்வதுதான். விளக்குச் சிக்னலைக் கேட்டு 'டிக் டிக்' என்று ஒலிக்கும் சின்னச் சர்க்யூட்டை விளக்குக் கம்பியோடு இணைக்கலாம். ஹெட் நகரும் ஒலி ஓரளவு கிடைக்கும். மோட்டார் எழும்பும் அந்த நீண்ட முனகல் இதில் வராது. அதனால் மீட்பின்போது டிஸ்க் சுழலத் தொடங்குவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு ஃபோனை வைத்து ஒலிப்பதிவு செய்துவிடுங்கள், அதற்கு மறு வாய்ப்பு கிடைக்காமலே போகலாம்.

வேலை முடிந்ததும் பழைய மூன்று எண்களையும் கார்டுக்காக பயாஸில் பதிந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் செருகிவையுங்கள். புதுப் பேட்டரியும் ஒருநாள் தீரும்.