ஞானஸ்நானம் பெற்ற பின்பும் பழைய பழக்கங்கள் திரும்பி வந்தால், புதிய வாழ்வு பொய்யா?

ஞானஸ்நானம் பெற்ற பிறகு சில மாதங்கள் குடியையும் நாலு நம்பர் எடுப்பதையும் (நாலு இலக்க எண்ணில் பணம் கட்டும் லாட்டரிச் சூதாட்டம்) விட்டிருந்ததாகவும், சம்பள நாட்களில் நண்பர்கள் அழைக்கத் தொடங்கியதும் இரண்டும் திரும்பி வந்துவிட்டதாகவும் எழுதி, அப்படியானால் என் மனந்திரும்புதல் உண்மையானதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் (2007 முதல் அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா, ஆனால் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது) ஒரு தமிழ்ச் சபையின் மூப்பராக இருந்து, தோட்டத் தொழிலாளர் வீடுகளிலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலும் ஜெபக் கூட்டம் நடத்தி வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பொய்யில்லை, தம்பி. மத்தேயு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றதோடு முடிகிறது; நான்காம் அதிகாரத்தின் முதல் வசனமே அவர் சோதிக்கப்படுவதற்காக வனாந்தரத்துக்குக் கொண்டுபோகப்பட்டதைச் சொல்கிறது. சோதனையை முடித்த பிசாசு சில காலம் மட்டுமே அவரை விட்டு விலகினான் என்று லூக்கா எழுதுகிறார். ஆகவே பழைய பழக்கத்தின் இழுப்பு இருக்கிறது என்பதற்காக இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். விட்ட பழக்கத்தின் இடத்தில் எதை வைத்தீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் ஒரு செய்தி உண்டு. ஒருவனை விட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கையில், வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு, ஆனால் காலியாக இருக்கக் காண்கிறது. உடனே தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளை அழைத்துக்கொண்டு குடியேறுகிறது. அந்த வீட்டில் அழுக்கு இல்லை, ஆளும் இல்லை. எங்கள் ஊரில் சாட்சி சொல்பவர்கள் எதையெதை விட்டோம் என்பதை நன்றாகச் சொல்கிறார்கள். சனிக்கிழமை மாலை இருட்டிய பிறகு என்ன செய்கிறோம் என்பதை அநேகமாக எவரும் சொல்வதில்லை. எபேசியர் 4:28இல் பவுல், திருடியவன் இனித் திருடக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், அவன் தன் கைகளால் உழைத்து இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்று முடிக்கிறார். நம்பருக்குப் போன பணத்துக்கும் இதே வழிதான். புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று நாள் குலுக்கல் நடக்கும் நாட்டில், சட்டைப் பையில் சும்மா கிடக்கும் பத்து வெள்ளி (ரிங்கிட்) எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். சம்பளம் வந்த அன்றே அதை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து, பிள்ளையின் டியூஷனுக்கோ வேலையிழந்த பக்கத்து வீட்டாரின் அரிசிக்கோ என்று பெயர் சொல்லி ஒதுக்கிவிடுங்கள். (ஆராதனைப் பலகையில் இருக்கும் கீர்த்தனை எண்ணைப் பார்த்து நம்பர் எடுப்பவர்களும் எங்களிடையே உண்டு. ஆகவே ஆலயத்துக்குள் உட்கார்ந்திருப்பது மட்டுமே காவல் என்று நம்பிவிடாதீர்கள்.)

மனவுறுதி இல்லாதவன் என்று உங்களையே திட்டிக்கொள்வதால் பயனில்லை. அவனவன் தன் சொந்த இச்சையால் இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு எழுதியது உண்மை. ஆனால் அந்த இச்சைக்கு வாசலிலேயே கடை வைத்துக் கொடுத்த வரலாறும் நமக்கு இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது, கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். குடிப்பவனுக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல் கடையையே அப்புறப்படுத்தக் கேட்டார்களே, அந்தத் தெளிவு, எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும் என்று அன்றாடம் ஜெபிக்கும் நமக்குப் பல வேளைகளில் இருப்பதில்லை.

சோதனையோடு தப்பிக்கும் வழியையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்கிறது. நான் கண்டவரையில் அந்த வழி புறப்படுவதற்கு முன்பு அகலமாக இருக்கிறது. போத்தல் மேசைக்கு வந்த பிறகு ஒரு ஆள் நுழையும் சந்து ஆகிவிடுகிறது. யோசேப்பு தன்னைப் பாவத்துக்கு அழைத்த எஜமான் போத்திபாரின் மனைவியிடம் நின்று வாதாடவில்லை, மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். உறவுக்காரர் திருமணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, மாமா பேச்சையே நிறுத்திவிடுவார். எனவே நான் தாலி கட்டும் நேரத்துக்குப் போய், சாப்பிட்டு, மொய் வைத்துவிட்டு, மண்டபத்தின் பின்பக்கம் குடிப்பதற்காக நாற்காலிகள் வட்டமாகப் போடப்படுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறேன்.

தனியாக இதைச் செய்ய முயலாதீர்கள். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லி நடத்திய மெதடிஸ்ட் இயக்கத்தார், ஆலயக் கடனை அடைப்பதற்காகப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று நியமித்து வாரம் ஒரு பென்னி திரட்டினார்கள். பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள் சிலருடைய வாழ்க்கை சீர்கெட்டிருப்பதைக் கண்டதால், அந்த ஏற்பாட்டையே ஒருவரையொருவர் விசாரிக்கும் வாராந்திரக் குழுவாக வெஸ்லி மாற்றிக்கொண்டார். நம் வீட்டுக் கூட்டங்களில் பாட்டும் ஜெபமும் தேநீரும் இருக்கின்றன, அந்த விசாரிப்பு மட்டும் இல்லை. கேட்டதை வெளியே சொல்லாத ஒரு அண்ணனைத் தேர்ந்தெடுத்து, சம்பள நாளன்று மாலை தொலைபேசியில் கூப்பிடச் சொல்லுங்கள். ஊர் சிறியது, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, சபையில் யாரும் சொல்லாதது. சம்சு (மலிவான சாராயம்) போன்ற மதுவை நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதை அசுத்த ஆவியின் வேலை என்று எண்ணி ஜெபம் மட்டும் செய்வது தவறு. உங்கள் குடி அந்த அளவுக்குப் போயிருந்தால், நிறுத்துவதற்கு முன்பே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் உங்கள் சபை மூப்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.