‘அல்லது’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,

எது ஒழுக்கம் என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து மாறுகிறது. அப்படியிருக்க, சட்டம் என்பது பலமுள்ளவர்களின் ஒழுக்கத்தை மற்றவர் தலையில் கட்டுவதுதானே? மனிதர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாதா?

– ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதம் எனக்குச் சுயமரியாதைத் திருமணத்தை நினைவூட்டியது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்ததை அவ்வகையில் முதலாவது என்பார்கள். புரோகிதர் இல்லை, அக்னி இல்லை. இது கல்யாணமே இல்லை என்றது ஒரு தரப்பு. மந்திரம் ஓதி நடப்பதுதான் இழிவு என்றது இன்னொன்று. மேடையிலும் பத்திரிகையிலும் பேசினார்கள், பேசினார்கள், தீரவில்லை. தீராமலே இருந்திருக்கலாம். ஆனால் கணவன் இறந்தால் பங்காளிகள் வாசலில் வந்து நிற்பார்களே! “நீ மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி?” 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இவ்வகைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றிருந்த இந்துச் சட்டத்தில் இதற்கு இடமில்லை.

1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம். அல்லது தாலி கட்டலாம். முன்பே நடந்தவையும் செல்லும். எனக்குப் பிடித்தது அந்த ‘அல்லது’தான். எது உயர்ந்தது என்ற வழக்கைச் சட்டம் தொடவே இல்லை. அக்னி வளர்ப்பவர் வளர்க்கட்டும் என்று விட்டுவிட்டது.

ஒன்றை மட்டும் விடவில்லை: முதல் மனைவி உயிரோடிருக்க, மாலை மாற்றி இன்னொருத்தியை மணக்க முடியாது. அதையும் தன் ஒழுக்கம் என்று வாதாடும் ஆண்கள் உண்டு. வாதாடட்டும்.

பேசித் தீர்ப்பதைப் பற்றி: 2023இல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே 7அ வந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லுமா என்பது கேள்வி. ஊரறிய நடத்த வேண்டியதில்லை, வழக்கறிஞர் நண்பராக முன்னின்று நடத்திவைக்கலாம் என்றது நீதிமன்றம். பெற்றவர்களுக்குப் பயந்து ஓடிவந்த இருவரைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னால், அவர்கள் யாரிடம் போய்ப் பேசுவார்கள், நண்பரே?